படத்துக்குக் கீழே நாலு வரி

1

இந்த மே மாதத்தோடு நான் அமெரிக்காவுக்கு வந்து பத்து வருஷம் ஆகிறது. கரூரிலிருந்து என் நாத்தனார் கடிதம் போட்டிருந்தாள். நாங்கள் மூன்று பேரும் கார் பக்கத்தில் நிற்கிற போட்டோவைப் பெரிதாக்கி அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாளாம். வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து ஏதாவது சொல்கிறார்களாம். ஒருத்தர் “கொடுத்து வைத்தவள்” என்றாராம். இன்னொருத்தர் “கார் இருந்து என்ன, ஒரே பொண்ணோட நிறுத்திட்டாளே” என்றாராம். வேறொருத்தர், “அங்கே போனதும் புடவையை மறந்துட்டா பாரு” என்றாராம்.

அந்தக் கார் எங்களுடையதே இல்லை. பக்கத்து அபார்ட்மெண்ட்காரனுடையது. எங்கள் கார் அன்றைக்கு மெக்கானிக் ஷெட்டில் கிடந்தது.

ஒரு படம் கையில் கிடைத்தால் போதும், அதற்குக் கீழே நாலு வரி எழுத நம் ஆட்களுக்குக் கை துறுதுறுக்கும். படத்தில் இருப்பவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றாது. ஊரை மட்டும் குற்றம் சொல்லி என்ன செய்ய? முந்நூறு, நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஹாலந்துக்காரர்கள் இதை ஒரு தொழிலாகவே செய்திருக்கிறார்கள். ஒரு படம், மேலே ஒரு வாசகம், கீழே நாலு வரிப் பாட்டு. பாட்டில் புத்திமதி. புத்தகம் புத்தகமாக அச்சடித்து விற்றிருக்கிறார்கள்.

இதை நான் இந்த வருஷம் பிப்ரவரியில்தான் தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்ட விதம் கௌரவமானதில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். அமெரிக்காவில் பனி எப்படிப் பெய்யும், சூப்பர் மார்க்கெட் எவ்வளவு பெரியது என்று படிக்க ஆசைப்படுகிறவர்கள் வேறு யாராவது எழுதியதைப் படித்துக்கொள்ளுங்கள்.

2

நான் வந்தது என் வீட்டுக்காரர் சுந்தரத்தின் விசாவில் ஒட்டிக்கொண்டு. அவருக்கு நியூ ஜெர்சியில் ஒரு டெலிபோன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. என் விசாவில் வேலை செய்யக் கூடாது. எனக்குக் கொடுத்த சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசாங்க நம்பர் அட்டையிலேயே ‘வேலைக்குச் செல்லாது’ என்று அச்சடித்திருந்தார்கள். ஐந்து வருஷம் அந்த அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு அலைந்தேன். எந்தப் பாரத்தை நிரப்பினாலும் முதலில் அவர் பெயர், அவர் நம்பர், கடைசியில் சார்ந்தவர் என்று ஒரு கட்டம். அதற்குள் நான்.

தொண்ணூற்றாறில் கிரீன் கார்டு வந்தது. இனி வேலைக்குப் போகிறேன் என்றேன். “காவ்யா சின்னவ, கொஞ்சம் பெரிசாகட்டும்” என்றார். காவ்யா எங்கள் மகள், இங்கே பிறந்தவள். அவள் பள்ளிக்கூடம் போனதும், “சாயங்காலம் வரும்போது வீட்ல ஆள் வேண்டாமா?” என்றார். போன செப்டம்பரில் நான் கேட்பதை நிறுத்திவிட்டு, எங்கள் அபார்ட்மெண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பீட்சா கடைக்கும் லாண்டிரிக்கும் நடுவில் இருக்கிற பிரேம் கடைக்குள் நுழைந்து வேலை கேட்டேன்.

கடைக்காரர் டோனி. இத்தாலிக்காரர்கள் வம்சம், அறுபது வயது. “கண்ணாடி வெட்டத் தெரியுமா?” என்று கேட்டார். அவர் மேசையில் கிடந்த துண்டை எடுத்து ஒரே கோடு இழுத்து, ஒரே தட்டுத் தட்டி இரண்டாக்கிக் கொடுத்தேன். வேறெதுவும் கேட்கவில்லை.

எனக்கு அது எப்படித் தெரியும் என்றால், என் அப்பா கரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பிரேம் கடை வைத்திருந்தார். பி.காம் முடிக்கிற வரைக்கும் லீவு நாளெல்லாம் எனக்கு அங்கேதான். முக்கால்வாசி வேலை காலண்டர் படங்கள்தான். தை பிறந்தால் போதும், பழைய காலண்டர் முருகன், லட்சுமி, பிள்ளையார் எல்லாரும் வரிசையாக வந்துவிடுவார்கள். அந்தக் காலண்டர்களுக்குக் கீழே ஜவுளிக் கடை பெயரோ பட்டாசுக் கம்பெனி விலாசமோ இருக்கும். முதல் வேலை அதை வெட்டுவது. யாரும் சொல்ல வேண்டியதில்லை. எவன் வீட்டுப் பூஜை அறையில் எவன் கடைக்கு விளம்பரம்? சாமியை வைத்துக்கொண்டு விலாசத்தைக் குப்பையில் போடுவோம். ஆயிரம் படமாவது வெட்டியிருப்பேன்.

வெட்டாத படமும் ஒன்று உண்டு. நரகப் படம். எமன் நடுவில் உட்கார்ந்திருக்க, சுற்றிலும் கட்டம் கட்டமாக எண்ணெய்க் கொப்பரை, ரம்பம், பாம்பு. ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் என்ன பாவத்துக்கு என்ன தண்டனை என்று எழுதியிருக்கும். ‘புருஷன் பேச்சைக் கேளாதவள்’ என்று ஒரு கட்டம். அவளை இரண்டு பேர் ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருப்பார்கள். புருஷனுக்கு அந்தப் படத்தில் ஒரு கட்டமும் இல்லை, நானும் தேடிப் பார்த்திருக்கிறேன். அந்த எழுத்தை வெட்டச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடை பெயரை வெட்டினோம், தண்டனையைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றினோம்.

வேலை கிடைத்ததைச் சொன்னதும் என் வீட்டுக்காரர், “கோயில்ல பார்க்கிறவங்க கேட்டா என்ன சொல்றது?” என்றார்.

“பிரேம் கடையில வேலைன்னு சொல்லுங்க.”

“பி.காம் படிச்சுட்டு?”

“பி.காம் படிச்சுட்டு பத்து வருஷமா சோறு வடிச்சேன், அப்ப யாரும் கேட்கலியே.”

3

பிப்ரவரியில் மிஸஸ் யான்சன் வந்தாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். ஹாலந்தில் பிறந்து, கல்யாணமாகிக் கப்பலில் இங்கே வந்தவள். நாற்பது வருஷத்துக்கு மேலாகியும் அவள் இங்கிலீஷ் அவள் ஊர் இங்கிலீஷ்தான். ஒரு பெரிய உறைக்குள், பழைய சட்டங்களிலிருந்து கழற்றிய பன்னிரண்டு தாள்கள் கொண்டுவந்தாள். ஏதோ பழைய புத்தகம் உடைந்து தனித்தனியாகப் போன பக்கங்கள். கூடவே ஒரே அளவில் புதிதாக வாங்கிய பன்னிரண்டு கறுப்புப் பிரேம்கள். ஏப்ரலில் அவர்கள் சர்ச் கூடத்தில் ஒரு கண்காட்சி, அதற்கு வேண்டும் என்றாள். டோனி சீட்டு எழுதிக்கொண்டார். படம் எதைப் பற்றியது என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை டோனி பல் டாக்டரிடம் போயிருந்தார். நான் முதல் தாளை எடுத்தேன். கம்பிக் கூண்டு, அதற்குள் ஒரு பறவை, வாயைத் திறந்து பாடுகிறது. கூண்டின் கதவு திறந்திருக்கிறது. பக்கத்தில் இறக்கை வைத்த ஒரு குழந்தை அதை விரலால் காட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே ஒரு வரி. படத்துக்குக் கீழே நெருக்கமான பழைய எழுத்தில் நாலு வரி, அதற்கும் கீழே ஒரு பூ வேலைப்பாடு. பிரேமில் வைத்துப் பார்த்தேன். தாள் இரண்டு விரல் நீளம் அதிகம்.

பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. அது மூளையைக் கேட்டுக்கொண்டு வேலை செய்யாது. கீழே எழுத்து, அச்சகத்தின் விலாசம், வெட்டு. ஸ்கேலை வைத்து, கத்தியை இழுத்து, துண்டைக் குப்பைக் கூடையில் போட்டேன். படம் பிரேமுக்குள் அளந்து செய்தது போல உட்கார்ந்தது. அழகாக இருக்கிறது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது தாளை எடுத்தேன். அடுப்பில் ஒரு பானை கொதிக்கிறது. கீழே மறுபடி நாலு வரி. ஆனால் வேறு எழுத்துகள். மூன்றாவதில் ஒரு பெண், காலடியில் ஆமை. அதிலும் வேறு நாலு வரி. நான்காவது, ஐந்தாவது என்று பன்னிரண்டையும் மேசை மேல் பரப்பினேன். மற்றப் பதினொன்றில் அந்தப் பூ வேலைப்பாடு இல்லை, அவை பிரேமுக்கு அளவாகவே இருந்தன. விலாசமாக இருந்தால் எல்லாவற்றிலும் ஒன்றாக அல்லவா இருக்க வேண்டும்? வரிகளின் கடைசி எழுத்துகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒலிப்பது போல இருந்தன. எனக்கு டச்சு தெரியாது. பாட்டு எப்படி இருக்கும் என்று தெரியும்.

குப்பைக் கூடையைத் தரையில் கவிழ்த்தேன். துண்டு கிடைத்தது. ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவிவிட்டு, படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

4

டோனி ஊசி போட்டு மரத்துப்போன வாயோடு வந்தார். பாதி வாயால்தான் திட்ட முடிந்தது. அவர் சொன்னதையெல்லாம் என் தமிழில் எழுதுகிறேன், வடிகட்டி.

“என்ன காரியம் பண்ணியிருக்க? இது எத்தனை வருஷத்துத் தாள் தெரியுமா?”

“இப்பத் தெரியும்.”

“இப்பத் தெரிஞ்சு என்ன புண்ணியம்?”

ஒரு சுற்றுக் கடைக்குள் நடந்தார். பிறகு மேசையில் உட்கார்ந்து, படத்தையும் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். படத்தைச் சுற்றி வைக்கிற அட்டையை இங்கே ‘மேட்’ என்பார்கள். அதில் ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை வெட்டி, அதன் வழியாகப் படம் தெரியும்படி செய்வோம்.

“இரண்டு ஜன்னல் வெட்டு,” என்றார் டோனி. “மேல்ஜன்னல்ல படம், கீழ்ஜன்னல்ல எழுத்து. நடுவுல ஒரு விரல் அட்டை. வெட்டு அட்டைக்குப் பின்னாடி போயிடும். பன்னிரண்டுக்கும் அதே மாதிரி பண்ணு. ஸ்டைல்னு நினைச்சுக்குவா. கிழவிக்குக் கண்ணும் சரியில்ல.”

“அவங்ககிட்ட சொல்லணும்.”

“சொன்னா பன்னிரண்டையும் தூக்கிட்டுப் போயிடுவா. அவ சர்ச்சுல இருக்கிறவங்கதான் நமக்குப் பாதி வேலை குடுக்கறாங்க. அவங்க போனா உன்னை வச்சுக்க எனக்கு வேலை இருக்காது. மிரட்டல. நடக்கப்போறதைச் சொல்றேன்.”

டோனி கெட்ட மனுஷர் இல்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான்.

வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜனவரியில்தான் நாங்கள் இரண்டு பேரும் சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருந்தோம். கைரேகை கொடுத்துவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருந்தோம்.

“ஐயோ, அவ சூ பண்ணிட்டா?” என்றார். “கேஸுன்னு ஒண்ணு வந்தா நம்ம ஃபைல் அவ்வளவுதான். நீ வாயைத் திறக்காத. அந்த ஆள் சொல்ற மாதிரி அட்டையைப் போட்டு மூடிடு.”

“தப்பா வெட்டினதுக்கு யாரும் நாடு கடத்த மாட்டாங்க.”

“உனக்கு ரூல்ஸ் தெரியாது மல்லிகா. சும்மா இருந்த வரைக்கும் ஒரு பிரச்னையும் வந்துச்சா? அதுக்குத்தான் சொன்னேன் நமக்கு இந்த வேலை வேண்டாம்னு. விட்டுடு. நாளைக்கே விட்டுடு.”

அவர் பயத்தில் பேசினார் என்று எனக்குத் தெரியும். அவர் கம்பெனியில் அந்த மாதம் ஆட்குறைப்பில் வாரத்துக்கு ஒரு மேசை காலியாகிக்கொண்டிருந்தது. சனிக்கிழமையும் போய் உட்கார்ந்து, தான் இன்னும் இருப்பதைக் காட்டிவிட்டு வந்தார். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் நியாயம் பார்த்து வராது.

“சும்மா இருந்தா பிரச்னை வராதுதான். சும்மா இருக்கிறவளுக்கு என்ன பிரச்னை? அஞ்சு வருஷம் நான் செய்யக் கூடாதுன்னு அட்டையில அடிச்சுக் குடுத்தாங்க. இது நான் செஞ்சது. தப்பாத்தான் செஞ்சேன். ஆனா நான்தான் செஞ்சேன். அதை எதுக்கு நான் அட்டை போட்டு மூடணும்?”

“வேலை போயிடும்டி.”

“போகட்டும். நான் விட்டதா இருக்காது.”

சோபாவில் புத்தகத்தோடு இருந்த காவ்யா தலையைத் தூக்காமல், “அம்மா, ஜஸ்ட் ஸே ஸாரி. இட்ஸ் நாட் எ பிக் டீல்” என்றாள். ஒன்பது வயதுக்கு இந்த ஊரில் எல்லாமே நாட் எ பிக் டீல்.

5

சனிக்கிழமை காலை என் வீட்டுக்காரர் ஆபீஸுக்குப் போய்விட்டதால் காவ்யாவையும் கூட்டிக்கொண்டு மிஸஸ் யான்சன் வீட்டுக்குப் போனேன். டோனியிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். “உன் இஷ்டம்” என்றார். படத்தையும் துண்டையும் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து எடுத்துப் போனேன்.

சமையலறை மேசையில் உட்கார வைத்தாள். காபி வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம், முதலில் இதைப் பாருங்கள் என்று அட்டையைத் திறந்தேன்.

அட்டை மேல் குனிந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

“யார் பண்ணினது?”

“நான்.”

“மெஷினா?”

“மெஷின் இல்ல. கத்தி. என் கை.”

“ஏன்?”

கரூர் காலண்டரைப் பற்றிச் சொன்னேன். என் இங்கிலீஷ் அந்த நேரத்தில் காலை வாரிவிட்டது. நடுவில் இரண்டு இடத்தில் காவ்யா என் முழங்கையைத் தொட்டுத் திருத்தினாள். நான் கவனிக்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே ஜவுளிக் கடை பெயர் இருந்தால் எங்கள் ஊரில் வெட்டிவிடுவோம், இதையும் அப்படி நினைத்துவிட்டேன், என் தப்பு, மன்னிக்க வேண்டும் என்றேன்.

“ஜவுளிக் கடையா?” என்றாள் மிஸஸ் யான்சன். சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. “நாற்பது வருஷம் இது என் வீட்டு நடையில தொங்குச்சு. என் மாமியார் கல்யாணத்துக்குக் குடுத்தது. நாற்பது வருஷமா ஒரு கீறல் இல்ல. உன்கிட்ட ஒரு வாரம் இருந்துச்சு.”

 அப்போதுதான் காவ்யா மேசை மேல் சாய்ந்து கூண்டுப் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “ஆ, ஸோ க்யூட்! தி டோர் இஸ் ஓப்பன் அண்ட் ஹி ஸ்டேய்ஸ். ஹி லவ்ஸ் இட் தேர்.”

எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. பறவைக்கு அந்த இடம் பிடித்திருக்கிறதாம், அதனால் போகவில்லையாம். யார் சொல்லிக் கொடுத்தது இவளுக்கு? படத்துக்குக் கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. நான் வெட்டி எடுத்துவிட்டேன். ஆனாலும் சொல்ல வந்தது போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“இதுல என்ன எழுதியிருக்கு?” என்று துண்டைக் காட்டி மிஸஸ் யான்சனைக் கேட்டேன்.

அவள் கோபத்தோடேயே படித்தாள். முதலில் டச்சில், பிறகு இங்கிலீஷில். வெளியே பறந்த நாளில் பருந்து என்னைத் துரத்தியது. கம்பிக்குள் வந்த பிறகுதான் பாடக் கற்றேன். கதவு திறந்திருக்கிறது, நான் போகவில்லை. பெண்ணே, அன்பு அடைத்து வைத்த இடமே உனக்கு ஆகாயம். ஏறக்குறைய அதுதான் அர்த்தம்.

“பொய்,” என்றேன்.

“என்ன?”

“பச்சைப் பொய். பறவையைக் கேட்டு எழுதினானா? கூண்டு வித்தவன் எழுதியிருக்கான்.”

மரியாதை இல்லாமல்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் சண்டை போடுகிறாள் என்று நீங்கள் நினைக்கலாம். நான் வெட்டியதற்குத்தான் மன்னிப்புக் கேட்டேன். அவன் எழுதியதற்கு நான் ஏன் பணிய வேண்டும்?

மிஸஸ் யான்சன் என்னையே பார்த்தாள். பிறகு எழுந்து போய், வாசல் கதவைத் திறந்து எங்களை வெளியே அனுப்பப் போகிறாள் என்று பார்த்தால், காபி போட்டாள். மூன்றாவது கோப்பையில் காவ்யாவுக்குப் பால் ஊற்றினாள்.

“பானைப் படம் பார்த்தியா?” என்றாள். “கொதிக்கிற பானையில ஈ உட்காராது. வேலை செஞ்சுகிட்டே இருக்கிற பொம்பளைகிட்ட கெட்ட நினைப்பு வராதாம். ஆமை மேல நிக்கிறவ வீட்டை விட்டு வெளிய போகாதவ. மெழுகுவர்த்தி ஒண்ணு இருக்கு. தான் எரிஞ்சு மத்தவங்களுக்கு வெளிச்சம்.”

“அதை எங்க ஊர்லயும் சொல்வாங்க. அம்மாக்களுக்குத்தான். எந்த அப்பாவையும் மெழுகுவர்த்தின்னு சொல்லி நான் கேட்டதில்ல.”

இப்போது சிரித்தாள். சத்தமாகச் சிரிக்கவில்லை, மூக்கால் ஒரு காற்று விட்டாள். “என் மாமியார் இதை எல்லாம் படுக்கை அறைக்கும் சமையலறைக்கும் நடுவுல வரிசையா மாட்டச் சொன்னா. துவைச்ச துணியைத் தூக்கிகிட்டுப் போகும்போதெல்லாம் ஒவ்வொண்ணா படிச்சேன். இங்க வந்த புதுசுல எனக்கு வேற படிக்க எதுவும் இல்ல, இங்கிலீஷ் தெரியாது. இதைத்தான் படிச்சேன்.”

“அப்ப இந்தத் துண்டைக் கிழிச்சுப் போட்டுடலாமே. நான் பண்ணினது நல்லதுதான்னு ஆகட்டும்.” அரைவாசி வேடிக்கையாகத்தான் சொன்னேன். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் எனக்கே அது தப்பு என்று தெரிந்துவிட்டது. காவ்யா இன்னும் அந்தப் பறவையை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். கீழே எழுத்தில்லாத பறவை. அதைப் பார்த்து யாரும் கோபப்பட மாட்டார்கள். எழுதியவன் கைகழுவிக்கொண்டு போய்விடுவான். எழுத்து இருந்தால்தானே, எவன்டா இதைச் சொன்னது என்று கேட்க முடியும்?

நரகப் படத்தில் அந்த எழுத்து இருந்ததால்தான் பன்னிரண்டு வயதில் நான் புருஷனுக்கு ஒரு கட்டம் தேடினேன்.

“வேண்டாம்,” என்றேன். “கிழிக்க வேண்டாம். நான் சொன்னது தப்பு. நாலு வரியும் இருக்கணும். படத்துக்கு நேர் கீழே, எல்லாரும் படிக்கிற மாதிரி. இங்கிலீஷ்லயும் எழுதி வைங்க. படிக்கிறவங்க படிச்சுட்டு என்ன வேணா சொல்லட்டும்.”

காவ்யா துண்டை எடுத்துப் படத்துக்குக் கீழே பொருத்தி வைத்தாள். “ஸோ ஹி டஸின்ட் லவ் இட் தேர்?” என்று என்னைக் கேட்டாள்.

“தெரியல. அவன்கிட்ட யாரும் கேட்கல,” என்றேன்.

துண்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, தமிழில், “மோசம்” என்றாள். அவள் தானாகத் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிப் பல மாதம் இருக்கும். அதற்காக நான் உருகிவிடவில்லை. சரியான வார்த்தை அது, அவ்வளவுதான்.

6

மிஸஸ் யான்சன் பன்னிரண்டையும் எங்களிடமே விட்டாள். எனக்கு இரக்கப்பட்டு விடவில்லை, நிபந்தனை போட்டாள். வெட்டை ஒளிக்கக் கூடாது. ஒட்டுப் போட்டு மறைக்கவும் கூடாது. ஒரே ஜன்னலுக்குள் படமும் துண்டும், நடுவில் அந்தக் கோடு தெரிய வேண்டும். பிரேமின் பின்பக்கம், என்ன நடந்தது, யார் செய்தது என்று எழுதி ஒட்ட வேண்டும். பழைய தாளுக்கு என்ன செய்தாலும் அதைப் பின்னால் எழுதி வைப்பதுதான் முறை, எனக்குப் பிறகு இதைத் திறக்கிறவனுக்குத் தெரிய வேண்டும் என்றாள். இன்னொன்றும் சொன்னாள். மற்றப் பதினொன்றையும் நான்தான் செய்ய வேண்டும், கத்தியைத் தொடுவதற்கு முன்னால் வந்து அவளிடம் ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். அர்த்தம் கேட்கப் போய் ஒவ்வொரு சனிக்கிழமையும் நாங்கள் சண்டை போட்டோம். மெழுகுவர்த்திக்கு மட்டும் இரண்டு மணி நேரம் ஆனது.

கூண்டுப் படத்துக்குப் பிரேமைப் புதிதாகச் செய்தேன், இரண்டு விரல் நீளமாக. முதலிலேயே அதைச் செய்திருக்க வேண்டும். கறுப்புச் சட்டம் வாங்கி, நாலு மூலையையும் சாய்த்து வெட்டிச் சேர்த்தேன். பன்னிரண்டில் அது மட்டும் நெட்டையாக இருந்தது. இருக்கட்டும்.

பின்பக்கச் சீட்டை டோனியின் மேசையில் உட்கார்ந்து எழுதினேன்.

“கடை பேர் மட்டும் போடு,” என்றார் டோனி. “உன் பேர் எதுக்கு? பின்பக்கத்தை எவன் பார்க்கப் போறான்?”

“எவனாவது பார்ப்பான்.”

“வம்பு வந்தா கடைக்கு வரட்டும்னு சொல்றேன். உனக்கு நல்லதுக்குத்தான்.”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். எனக்கு நல்லது செய்ய நினைக்கிறவர்கள் எல்லாருமே என் பெயரை எடுத்துவிட்டுத்தான் செய்கிறார்கள். நான் எழுதினேன்: ‘இந்தத் தாளின் கீழ்ப்பகுதியை, படத்தின் பாகம் என்று தெரியாமல், நான் கத்தியால் வெட்டினேன். வெட்டிய துண்டு முழுதாக இருக்கிறது, படத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது. வரிகளில் சொல்லப்பட்டிருப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.’ இங்கிலீஷில் எழுதி, கீழே தமிழிலும் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். கடைசி வாக்கியம் நிபந்தனையில் இல்லை. டோனி படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மிஸஸ் யான்சன் படித்துவிட்டு, பசையை நன்றாகத் தடவு, உரிந்து விழப்போகிறது என்றாள்.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் கேட்டார்.

“என்னாச்சு? மூடிட்டியா?”

“இல்ல. எழுதிக் குடுத்துட்டேன்.”

“எழுதியா?” பிசைந்த சோறு கையிலேயே நின்றது. “என்னன்னு?”

“நான்தான் வெட்டினேன்னு.”

“கையெழுத்து?”

“போட்டேன்.”

“இனிஷியல் மட்டும் கிறுக்கிட்டு வந்திருக்கலாம்ல?”

“முழுப் பேர்தான் போட்டேன். கிரீன் கார்டுல இருக்கிற மாதிரி.”

இந்த நாட்டில் யாருக்கும் இனிஷியல் புரியாது என்று, வந்த புதிதில் பாரம் நிரப்பும்போது அவரே எனக்கு ஒரு கடைசிப் பெயரைக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து வருஷமாக என் அப்பா பெயர் எங்கேயும் இல்லை. மல்லிகா சுந்தரம் என்பதுதான் என் பெயர்.

அவருக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

“அப்ப என் பேரும்...”

“ஆமாங்க. வெட்டினதுக்கும் சேர்த்து, ஒப்புக்கலைங்கிறதுக்கும் சேர்த்து. ரெண்டு பாஷையிலயும் இருக்கு.”

காவ்யா சாப்பாட்டுத் தட்டுக்குள் சிரித்தாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினார். கிண்ணத்தை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தேன். அவரே ஊற்றிக்கொண்டார்.